மெனுவில் திக்கிய ஸ்ட்ரீம்

நல்ல கம்ப்யூட்டர் வைத்திருக்கிற ஒருவர், "கேம் விளையாடி லைவ் போட்டால் படம் விட்டு விட்டுப் போகிறது" என்று எங்கே போய்க் கேட்டாலும் இரண்டு பதில்தான் கிடைக்கும். நெட் சரியில்லை என்பது ஒன்று. கிராஃபிக்ஸ் கார்டு பத்தாது, அடுத்த மாடலுக்கு மாறு என்பது இன்னொன்று. முதல் பதிலையாவது சோதித்துப் பார்த்துவிடலாம். இரண்டாவதுதான் எனக்கு ரொம்ப நாளாக உறுத்திக்கொண்டிருக்கிறது. காசு போட்டுப் பெரிய கார்டு வாங்கி மாட்டிய பிறகும் அதே திக்கல் தொடர்வதை அடிக்கடி பார்க்கிறேன். சில பேருக்கு முன்பைவிட மோசமாகவே திக்குகிறது. பலம் கூடினால் தொல்லை குறையத்தானே வேண்டும், ஏன் குறையவில்லை என்று யாரும் நின்று யோசிப்பதில்லை. அதற்கும் மேலே இருக்கும் ஒரு கார்டைக் கைகாட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள்.

என் அக்கா மகன் விஷயத்தில் இதைப் பக்கத்தில் உட்கார்ந்தே பார்த்தேன். எட்டு கோர் ப்ராசஸர், புதிதாக மாட்டிய என்விடியா கார்டு, விநாடிக்கு 144 முறை படம் மாற்றும் 144 ஹெர்ட்ஸ் மானிட்டர், வைஃபை கூட இல்லை, ரவுட்டரிலிருந்து நேராகக் கேபிள். அவன் திரையில் கேம் வழுக்கிக்கொண்டு ஓடும். பார்க்கிறவர்களோ "ப்ரோ, லேக் அடிக்குது", "வாய்ஸ் வருது, படம் நிக்குது" என்று சாட்டில் எழுதிக்கொண்டே இருப்பார்கள். "மாமா, எனக்கு இங்க ஒண்ணுமே தெரியல. அவங்களுக்கு மட்டும் எப்படி லேக் ஆகும்?" என்று கேட்டான். டாஸ்க் மேனேஜரைத் திறந்தால் ப்ராசஸர் பாதிகூட வேலை செய்யவில்லை, ராம் தாராளமாக மிச்சம், அப்லோடு வேகமோ தேவைக்குப் பல மடங்கு மேலே. கேள்வி நியாயமானதுதான்.

குரல் மட்டும் தெளிவாக வருகிறது என்பதைப் பெரிய துப்பாக எடுத்துக்கொண்டு, "அப்படியானால் நெட் காரணமில்லை" என்று சிலர் சொல்வார்கள். அது அவ்வளவு உறுதியான துப்பு இல்லை. போகிற வழியில் நெரிசல் வந்தால், லைவ் அனுப்பும் மென்பொருளான ஓபிஎஸ் கைவிடுவது படத்தின் ஃப்ரேம்களைத்தான் (படம் ஓடுவது போலத் தெரிவதற்கு அடுத்தடுத்து வரும் தனித்தனிப் படங்கள்), ஒலியை அல்ல. ஆகவே நெட் கோளாறிலும் குரல் நன்றாக வரும், படம் மட்டும் நிற்கும். கார்டு திணறினாலும் அதே கதைதான். பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும் என்பதால், சாட்டில் வரும் புகாரை வைத்து எந்த முடிவுக்கும் வர முடியாது.

யாரும் பார்க்காத பெட்டி

ஓபிஎஸ்ஸுக்குள்ளேயே புள்ளிவிவரம் காட்டும் ஒரு சின்னப் பெட்டி இருக்கிறது. வியூ மெனுவில் 'ஸ்டாட்ஸ்' என்று இருக்கும். ஸ்ட்ரீம் செய்கிறவர்களில் பாதிப் பேர் அதைத் திறந்ததே இல்லை என்பது என் சந்தேகம். அதில் மூன்று வரிகள் முக்கியம். ரெண்டரிங் லேக்கால் தவறிய ஃப்ரேம்கள், என்கோடிங் லேக்கால் விட்டுப்போன ஃப்ரேம்கள், நெட்வொர்க்கில் விழுந்த ஃப்ரேம்கள். படத்தைக் கோத்து அடுக்குவது ஒரு கட்டம், அதைச் சுருக்குவது அடுத்த கட்டம், அனுப்புவது கடைசிக் கட்டம். எந்தக் கட்டத்தில் ஃப்ரேம் காணாமல் போகிறதோ அந்த வரியில் எண் ஏறும். இதைப் பார்க்காமல் செட்டிங்ஸை மாற்றுவது குருட்டாம்போக்கு வைத்தியம்.

அவன் அதுவரை செய்திருந்ததெல்லாம் இரண்டாம், மூன்றாம் கட்டத்துக்கான வைத்தியம். பிட்ரேட்டை, அதாவது விநாடிக்கு எத்தனை கிலோபிட் அனுப்புவது என்ற அளவை, 6000-லிருந்து குறைத்துப் பார்த்திருந்தான். சர்வரை மாற்றியிருந்தான். படத்தைச் சுருக்கும் என்கோடரில், ப்ராசஸரில் ஓடும் எக்ஸ்264-ஐ விட்டுவிட்டு, கார்டில் இருக்கும் என்வென்க்குக்கு மாறியிருந்தான். யாரோ சொன்னார்கள் என்று கீஃப்ரேம் இடைவெளியையும், அதாவது முழுப் படம் ஒன்றை எத்தனை விநாடிக்கு ஒருமுறை அனுப்புவது என்பதையும், இரண்டு விநாடிக்கு வைத்திருந்தான். இதில் எதுவும் தவறான செட்டிங் இல்லை. ஸ்ட்ரீமுக்கு அப்படித்தான் இருக்கவும் வேண்டும். ஆனால் திக்கலைத் தொடக்கூட இல்லை.

பிட்ரேட் பற்றி இங்கே ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எல்லாப் பழியும் கடைசியில் அதன் தலையில்தான் விழுகிறது. 1920-க்கு 1080 அளவில், விநாடிக்கு 60 ஃப்ரேம் என்றால் சுமார் 12.4 கோடி பிக்சல். சுருக்காமல் அனுப்ப வேண்டுமானால் பிக்சலுக்கு 24 பிட் வீதம் விநாடிக்கு ஏறக்குறைய 300 கோடி பிட். அதை என்கோடர் 60 லட்சம் பிட்டுக்குள் அடக்குகிறது, அதாவது கிட்டத்தட்ட 500-இல் ஒரு பங்காக. புல்வெளியில் ஓடும்போதும் வெடி வெடிக்கும்போதும் படம் சதுரம் சதுரமாக உடைவது இந்த நெருக்கடியால்தான். அதற்கு மருந்து 720-க்கு இறங்குவது. பிக்சல் எண்ணிக்கை பாதிக்கும் கீழே போய்விடும், அதே 6000 தாராளமாகத் தெரியும். ஆனால் சதுரமாக உடைவது வேறு நோய், திக்குவது வேறு நோய். படம் பளிச்சென்று இருந்துகொண்டே திக்கலாம்.

நெட்டைச் சந்தேகப் பட்டியலிலிருந்து எடுக்க ஒரு எளிய வழி உண்டு. ஸ்ட்ரீம் போகும்போதே ஓபிஎஸ்ஸில் ரெக்கார்டிங்கையும் தட்டிவிட்டு, பிறகு டிஸ்க்கில் இருக்கும் அந்தக் கோப்பைப் போட்டுப் பார்ப்பது. அந்தக் கோப்பு எந்த நெட்டையும் தொட்டது கிடையாது. அவனுடைய கோப்பும் சாட்டில் சொன்னது மாதிரியே திக்கியது. ஸ்டாட்ஸ் பெட்டியும் அதையே சொன்னது: நெட்வொர்க் வரியில் பூஜ்யம், என்கோடிங் வரியில் பூஜ்யம், ரெண்டரிங் வரி மட்டும் ஏறிக்கொண்டே போனது.

சும்மா இருந்த திரை

சரி, ரெண்டரிங்தான். அதாவது கார்டுக்கு வேலை அதிகம். அப்படியானால் பெரிய சண்டைக் காட்சிகளில்தான் எண் ஏற வேண்டும் என்று எதிர்பார்த்து, பெட்டியைப் பக்கத்து மானிட்டரில் வைத்துக்கொண்டு அவனை ஒரு மேட்ச் ஆடச் சொன்னேன். புகை, வெடி, பத்துப் பேர் ஒரே இடத்தில். எண் கொஞ்சம் கொஞ்சமாக ஏறியது. மேட்ச் முடிந்தது. அவன் மெனுவுக்குத் திரும்பி, ஹெட்செட்டைக் கழற்றிவிட்டுத் தண்ணீர் குடிக்க எழுந்து போனான்.

திரையில் ஒன்றுமே இல்லை. ஒரு கதாபாத்திரம் துப்பாக்கியோடு நின்று மூச்சு விட்டுக்கொண்டிருந்தது, பின்னால் லேசாகப் பனிமூட்டம், ஓரத்தில் நாலு பட்டன். எண் அப்போதுதான் தாறுமாறாக ஓட ஆரம்பித்தது. சண்டையின்போது எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த ரெண்டரிங் லேக், மெனுவில் விடாமல் ஏறியது. டாஸ்க் மேனேஜரில் கார்டின் வரைபடங்களைத் திறந்தேன். வீடியோ என்கோட் என்கிற வரைபடம் கீழே படுத்துக் கிடந்தது. 3டி என்கிற வரைபடம் உச்சியில் ஒட்டிக்கொண்டு 99 சதவீதத்தில் நின்றது. திரையின் மூலையில் கேம் காட்டும் எஃப்பிஎஸ் (விநாடிக்கு எத்தனை ஃப்ரேம்) எண்ணைப் பார்த்தேன், 400-க்கு மேல். 144 ஹெர்ட்ஸ் மானிட்டரில், யாருமே உட்கார்ந்திராத நாற்காலிக்கு முன்னால், மூச்சு விடும் ஒரு பொம்மையைக் கார்டு விநாடிக்கு 400 தடவை வரைந்து தள்ளிக்கொண்டிருந்தது.

எனக்கு அந்த இடத்தில்தான் பிடி கிடைத்தது. காட்சி கனமாக இருப்பதால் கார்டு திணறவில்லை. விநாடிக்கு இத்தனை ஃப்ரேம்தான் என்று வரம்பு சொல்லாத கேம், இருக்கிற கார்டு முழுவதையும் எடுத்துக்கொள்ளும். கனமான காட்சியில் 150 ஃப்ரேம் வரைந்து 99-ஐத் தொடும், லேசான காட்சியில் 400 வரைந்து அதே 99-ஐத் தொடும். இந்தக் கார்டைக் கழற்றிவிட்டு இருமடங்கு வேகமான கார்டை மாட்டினால் மெனு 800-க்குப் போகும், 3டி வரைபடம் அதே உச்சியில்தான் நிற்கும். வரம்பில்லாத கேமுக்குப் போதுமான கார்டு என்று ஒன்று கிடையவே கிடையாது.

மெனு இப்படி வெறி பிடித்து ஓடுவது புதிய சங்கதியும் இல்லை. 2010-இல் ஸ்டார்கிராஃப்ட் 2 கேம் வந்தபோது மெனுத் திரைகளில் கார்டு அளவுக்கு மீறிச் சூடாவதாகப் புகார் கிளம்பி, பிளிசார்டு நிறுவனமே செட்டிங்ஸ் கோப்பில் இரண்டு வரி சேர்க்கச் சொன்னது, மெனுவுக்கு 30 ஃப்ரேம், ஆட்டத்துக்கு 60 ஃப்ரேம் என்று. 2021 ஜூலையில் அமேசானின் நியூ வேர்ல்டு கேமின் சோதனைப் பதிப்பில் சிலருடைய ஆர்டிஎக்ஸ் 3090 கார்டுகள் செத்தே போயின. கார்டுகளைத் தயாரித்த ஈவிஜிஏ, சில கார்டுகளில் இருந்த சாலிடரிங் குறைதான் காரணம் என்று பின்னால் சொன்னது. ஆனாலும் கேம் தரப்பில் முதலில் செய்த காரியம், மெனுவின் ஃப்ரேம் வேகத்துக்கு வரம்பு போட்டுப் பேட்ச் விட்டதுதான். கார்டையே எரிப்பதாகப் பேசப்பட்ட இந்த விஷயம், ஸ்ட்ரீமைத் திக்கவைக்கிறது என்ற கோணத்தில் அவ்வளவாகப் பேசப்படவில்லை.

ஓபிஎஸ் ஏன் இதில் அடிபடுகிறது என்பதைச் சொல்ல வேண்டும். என்வென்க் என்பது கார்டுக்குள் தனியாக ஒதுக்கப்பட்ட சர்க்யூட், 2012-இல் கெப்ளர் தலைமுறையிலிருந்து இருக்கிறது. கேம் எவ்வளவு ஆடினாலும் சுருக்கும் வேலை பெரும்பாலும் பாதிக்கப்படாது. "என்வென்க் போட்டாச்சு, இனி கார்டுக்குச் சுமையே இல்லை" என்று பலரும் நம்புவது இதனால்தான். ஆனால் சுருக்குவதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. கேமின் படத்தை எடுத்து, அதன்மேல் கேமரா, ஓவர்லே (படத்தின் மேல் ஒட்டும் அலங்காரங்கள்), சாட் பெட்டி எல்லாவற்றையும் அடுக்கி, அளவு மாற்றி, நிற அமைப்பை மாற்றி என்கோடர் கையில் கொடுக்க வேண்டும். அதைச் செய்வது கேம் பயன்படுத்தும் அதே 3டி பகுதி. 60 ஃப்ரேம் ஸ்ட்ரீம் என்றால் 16.67 மில்லி விநாடிக்குள் ஒரு சுற்று முடிந்தாக வேண்டும். வேலை என்னவோ சின்னதுதான், கார்டு ஓய்வாக இருந்தால் ஓரிரு மில்லி விநாடியில் முடிந்துவிடும். ஆனால் முறை வர வேண்டுமே. ஒற்றைவழிப் பாலத்தில் லாரிகள் இடைவெளி விடாமல் வந்துகொண்டிருந்தால் ஒரு சைக்கிள்கூட நுழைய முடியாது. 16.67 தாண்டிவிட்டால் அந்த ஃப்ரேம் போனதுதான், பார்ப்பவர் கண்ணுக்கு முந்தைய ஃப்ரேமே இன்னொரு முறை வரும். விளையாடுகிறவர் திரையில் இது எதுவும் தெரியாது, ஏனென்றால் பாலம் முழுவதும் அவருடைய லாரிகள்தான்.

பெரிய கார்டு வாங்கிச் சரியானவர்களும் உண்டு, அதை மறைக்க வேண்டியதில்லை. கார்டு ஓர் அளவுக்கு மேலே போனதும் ப்ராசஸரால் அதற்கு ஈடுகொடுத்து வேலை தர முடியாமல் போகும். அப்போது கார்டு 70, 80 சதவீதத்தில் நின்றுவிடும், ஓபிஎஸ்ஸுக்கு இடம் கிடைக்கும், திக்கல் நிற்கும். அதாவது ப்ராசஸரே ஒரு வரம்பாக அமைந்துவிடுகிறது. அதே வரம்பை ஒரு காசு செலவில்லாமல் கேமின் செட்டிங்ஸிலேயே போட்டிருக்கலாம். அவர்களோ "கார்டு மாத்தினேன், சரியாயிடுச்சு" என்று நாலு இடத்தில் சொல்கிறார்கள், அடுத்தவர் பர்ஸைத் திறக்கிறார்.

120, 144 அல்ல

வரம்பு போடச் சொன்னதும் அவன் முகம் சுருங்கிவிட்டது. "மாமா, கேப் போட்டா இன்புட் லேக் வருமே." வரம்பு போட்டால் கை அசைத்தது திரையில் தெரியத் தாமதமாகும் என்ற இந்த நம்பிக்கை போட்டி கேம் ஆடுகிறவர்களிடம் ஊறிப்போயிருக்கிறது, அதில் பாதி உண்மையும் இருக்கிறது. அதிக ஃப்ரேம் என்றால் தாமதம் குறைவுதான், ஆனால் கார்டு முட்டிக்கொண்டு நிற்காதவரைக்கும். 99 சதவீதத்தில் நிற்கும் கார்டுக்கு முன்னால் ஃப்ரேம்கள் வரிசையில் காத்திருக்கின்றன. நீங்கள் மவுஸை அசைத்தது அந்த வரிசையில் கடைசியாக நிற்கும் ஃப்ரேமில்தான் தெரியும். என்விடியா 2020-இல் கொண்டுவந்த ரிஃப்ளெக்ஸ் என்ற வசதி குறைப்பதும் இந்த வரிசையைத்தான். முட்டாத அளவுக்குச் சற்றுக் கீழே வரம்பு வைத்தால், எஃப்பிஎஸ் எண் குறைந்தாலும் கைக்கும் கண்ணுக்கும் உள்ள தாமதம் பல சமயம் குறையவே செய்யும். ஃப்ரேம்களை மானிட்டரின் வேகத்தோடு கட்டிப்போடும் வி-சிங்க் என்றால் அவன் பயத்துக்கு நியாயம் உண்டு, அது தாமதத்தைக் கூட்டக்கூடியது. நான் சொன்னது கேமுக்குள் இருக்கும் ஃப்ரேம் லிமிட்டை.

எவ்வளவு வைப்பது? மானிட்டர் 144 என்பதால் அவன் 144 என்றான். நான் 120 என்றேன், மானிட்டரையும் 120-க்கே மாற்றச் சொன்னேன். ஸ்ட்ரீம் 60 ஃப்ரேம். 120-ஐ 60-ஆல் வகுத்தால் சரியாக இரண்டு, ஸ்ட்ரீம் ஒன்று விட்டு ஒன்றாக எடுத்துக்கொள்ளும். 144-ஐ 60-ஆல் வகுத்தால் 2.4. அதாவது சில சமயம் இரண்டாவது ஃப்ரேமை எடுக்கும், சில சமயம் மூன்றாவதை. கேமரா ஒரே சீராகத் திரும்பும் காட்சியில் இந்தச் சீரின்மை மெல்லிய நடுக்கமாகத் தெரியும். ஸ்டாட்ஸ் பெட்டியில் மூன்று வரியும் பூஜ்யமாக இருந்தும் "என்னமோ இடிக்குது" என்று பார்வையாளர்கள் சொல்வதற்கு இது ஒரு காரணம். எந்தக் கணக்கிலும் சிக்காத திக்கல் இது.

120-ஐப் போட்டு மெனுவைத் திறந்ததும் 3டி வரைபடம் சடாரென்று பாதிக்குக் கீழே இறங்கியது. மேட்ச்சில் 80-க்குப் பக்கத்தில் ஆடியது. ரெண்டரிங் வரி அசையவில்லை. கார்டின் விசிறிச் சத்தமும் அடங்கியது, அவன் மைக்கில் அதுவரை பின்னணியாக விழுந்துகொண்டிருந்த இரைச்சல் அது என்பது அப்போதுதான் தெரிந்தது.

மற்ற சில்லறை வேலைகளையும் கையோடு முடித்தோம். ஓபிஎஸ்ஸை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்தால் கார்டில் அதற்கு முன்னுரிமை கேட்க விண்டோஸ் அனுமதிக்கிறது, கனமான கேம்களுக்கு இது கைகொடுக்கும். விண்டோஸின் கேம் மோட் பற்றிப் பழைய வீடியோக்கள் "அணைத்துவிடு" என்கின்றன. 2017-இல் விண்டோஸ் 10-க்குள் கேம் மோட் வந்த புதிதில் அது சரியான யோசனைதான், கேம் மோட் ஓபிஎஸ்ஸைப் பட்டினி போட்டது. பிறகு மாறிவிட்டது, இப்போது ஓபிஎஸ் தரப்பே அதை ஆன் செய்து வைக்கச் சொல்கிறது. பழைய யோசனைகள் இணையத்தில் சாவதே இல்லை. என்வென்க் செட்டிங்ஸில் லுக்-அஹெட், சைக்கோ விஷுவல் ட்யூனிங் என்று இரண்டு டிக் இருக்கும். இவை அந்தத் தனி சர்க்யூட்டோடு நிற்காமல் கார்டின் பொதுப் பகுதியையும் கொஞ்சம் கடிக்கும், கார்டு முட்டும் கேம்களில் எடுத்துவிடுவது நல்லது. அப்புறம் ஓவர்லேக்கள். வலைப்பக்கமாகச் சேர்க்கும் ஒவ்வொரு ஓவர்லேயும் (ஓபிஎஸ்ஸில் இதற்குப் பெயர் பிரவுசர் சோர்ஸ்) உள்ளுக்குள் ஒரு குட்டி குரோமியம் பிரவுசர் பக்கம். அவன் வேறு வேறு சீன்களில் சேர்த்து வைத்து மறந்துபோன அலெர்ட்டுகள், மின்னும் பார்டர்கள் எல்லாம் திரையில் இல்லாமலே ஓடிக்கொண்டிருந்தன. 'தெரியாதபோது நிறுத்து' என்கிற பொருளில் ஒவ்வொன்றிலும் ஒரு டிக் உண்டு, அதைப் போட்டோம்.

லேப்டாப் வைத்திருக்கிறவர்களுக்குக் கதை கொஞ்சம் வேறு. அதில் பெரும்பாலும் இரண்டு கார்டு இருக்கும், ஓபிஎஸ் ஒன்றிலும் கேம் இன்னொன்றிலும் ஓடினால் படம் கறுப்பாக வரும் அல்லது இரண்டுக்கும் நடுவே நகல் எடுத்தே நேரம் போகும். கேமின் படத்தை ஓபிஎஸ் நேரடியாக எடுக்கும் கேம் கேப்சருக்கு இரண்டும் ஒரே கார்டில் இருக்க வேண்டும். சூடு ஏறி வேகம் குறைவது தனிக் கதை. ப்ராசஸர் என்கோடரையே விரும்புகிறவர்கள் என்கோடிங் வரியில் எண் ஏறினால் எக்ஸ்264-இன் வேக அமைப்பை (ப்ரீசெட்) வெரிஃபாஸ்ட்டைவிட மெதுவான ஒன்றுக்குக் கொண்டுபோக ஆசைப்படாமல் இருப்பது போதும்.

இவ்வளவுக்கும் பிறகு ஒருவர் மட்டும் சாட்டில் "இன்னும் லேக்" என்று எழுதிக்கொண்டிருந்தார். மற்றவர்களுக்கு இல்லை. அவன் லைவ் போடும் ட்விட்ச் தளம், சின்னச் சேனல்களுக்கு எல்லா நேரமும் தரம் குறைத்த பிரதிகளைத் தயாரித்துத் தருவதில்லை. அப்போது மொபைலில் பார்ப்பவரும் அந்த 6000-ஐ முழுதாக இழுத்தாக வேண்டும். அவருக்குக் குவாலிட்டி பட்டியலில் என்னென்ன தெரிகிறது என்று கேட்கச் சொன்னேன். ஒன்றே ஒன்றுதான் என்று பதில் வந்தது. அடுத்த ஸ்ட்ரீமை அவன் 720-இல், 4500 பிட்ரேட்டில் போட்டான். மூலையில் எஃப்பிஎஸ் 120 என்றே நிற்பது அவனுக்கு இன்னும் மனசாகவில்லை. லைவ் முடிந்து ஓபிஎஸ்ஸை மூடியதும் முதல் வேலையாக வரம்பை எடுத்துவிடுகிறான்.